ஐந்து நாளில் பிள்ளை எத்தனை பக்கம் எழுதினாள்?

போன வருடம் ஈஸ்டர் விடுமுறையில் என் மகளை உளவியல் மீட்டல் வகுப்புக்கு அனுப்பினேன். லண்டனில் ஏ லெவல் படிக்கும் பிள்ளைகள் உள்ள தமிழ் வீடுகளில் இது வழமையாகிவிட்டது. ஐந்து நாள், காலை பத்து முதல் பின்னேரம் நாலு மணி வரை. கட்டணத்துக்காக நான் பாமசியில் இரண்டு சனிக்கிழமை கூடுதலாக வேலை செய்தேன். கடைசி நாள் அவள் தடித்த கோப்பு ஒன்றோடு வந்தாள். பக்கத்துக்குப் பக்கம் மஞ்சள் மார்க்கர் கோடுகள். "அம்மா, எல்லாம் விளங்கிட்டுது" என்றாள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை சமையலறை மேசையில் அந்தக் கோப்பை மூடி வைத்து, ஒரு வெள்ளைத்தாளை நீட்டினேன். முதல் நாள் படித்த பாடத்தை எழுதச் சொன்னேன்: 1968இல் அட்கின்சனும் ஷிஃப்ரினும் முன்வைத்த நினைவு மாதிரி. மூன்று பெட்டிகள் வரைந்தாள்: புலன் பதிவு, குறுங்கால நினைவு, நெடுங்கால நினைவு. கீழே நாலு வரி. அதோடு பேனை நின்றுவிட்டது. "வகுப்பில தெரிஞ்சதுதானே அம்மா" என்று கண் கலங்கினாள்.

அவள் சொன்னது உண்மை. அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட ஆய்வைப் பிறகுதான் தேடி வாசித்தேன். ஒரு பகுதியை இரண்டு தரம் படிப்பதையும், ஒரு தரம் படித்துவிட்டுப் பார்க்காமல் எழுதுவதையும் அவர்கள் ஒப்பிட்டார்கள். ஐந்து நிமிடத்தில் சோதித்தபோது இரண்டு தரம் படித்ததே முந்தியது: 81 வீதம், மற்றது 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். பார்க்காமல் எழுதியதில் 56 வீதம் நினைவிருந்தது, திரும்பப் படித்ததில் 42தான்.

வகுப்பின் கடைசி நாள் பிள்ளைக்கு வரும் நம்பிக்கை, அந்த ஐந்தாவது நிமிடத்து நம்பிக்கை. பரீட்சையோ மே நடுப்பகுதியில்தான் தொடங்குகிறது. படித்ததில் பெரும்பகுதி முதல் சில மணி நேரங்களிலும் நாட்களிலுமே கைநழுவுகிறது என்று உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885இலேயே தன்மேல் சோதித்து எழுதிவிட்டார். உளவியல் கற்பிக்கும் வகுப்பே இதை மறந்து நடப்பது எனக்கு வருத்தம்.

பரீட்சையின் அமைப்பையும் பெற்றோர் அறிந்திருக்க வேண்டும். ஏ.கியூ.ஏ பரீட்சைச் சபையின் உளவியல் பாடத்திட்டத்தில் மூன்று வினாத்தாள்கள். ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம், 96 புள்ளி. 16 புள்ளிக் கட்டுரைக்கு இருபது நிமிடம்தான் கிடைக்கும். அதில் பொதுவாக 6 புள்ளி அறிந்ததைச் சொல்வதற்கு, 10 புள்ளி அதை எடைபோடுவதற்கு. கேள்வியில் ஒரு சொல்லை மாற்றினால் சாட்சி சொல்லும் கார் வேகமும் மாறுகிறது என்று உளவியலாளர்கள் லொஃப்டஸும் பாமரும் 1974இல் காட்டியதை எழுதினால் அந்த ஆறில் பங்கு. அந்தச் சோதனையில் சாட்சிகள் பார்த்தது படத்தில் ஓடிய விபத்து. தெருவில் நேரே காண்பவரின் பதற்றம் அதில் இல்லை என்று வாதிட்டால்தான் பத்தில் பங்கு. இந்த வாதம் எழுதி எழுதியே கைக்கு வரும். கேட்டுக்கொண்டிருந்தால் வராது.

மீட்டல் வகுப்பே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் கட்டுரையை வரி வரியாகத் திருத்தித் தரும் ஆசிரியர் கிடைத்தால் அந்தக் காசு வீண்போகாது. ஆனால் கட்டணம் கட்டுமுன் மூன்று கேள்வி கேளுங்கள். என் பிள்ளை எத்தனை விடை எழுதுவாள்? அதை யார் திருத்துவார்? திங்கட்கிழமைப் பாடத்தை வியாழக்கிழமை திரும்பக் கேட்பீர்களா? பதில் தெளிவாக இல்லையென்றால் அந்தக் காசைக் கையிலேயே வைத்திருங்கள். வகுப்பை விடுமுறையின் முதல் வாரத்திலேயே முடித்து, மற்ற வாரத்தை வீட்டில் எழுதிப் பார்க்க விட்டுவிடுங்கள்.

அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு நாங்கள் செய்தது இதுதான். தினமும் ஒரு தலைப்பு, ஒரு வெள்ளைத்தாள், கைத்தொலைபேசியில் இருபது நிமிட அலாரம். எழுதி முடித்ததும் கோப்பைத் திறந்து, விடுபட்டதைச் சிவப்புப் பேனையால் அவளே நிரப்புவாள். இரண்டு நாள் கழித்து அதே தலைப்பு மறுபடியும். முதல் வாரம் தாள் முழுக்கச் சிவப்பு. மே மாதம் பிறந்தபோது ஓரங்களில் மட்டும் அங்கொன்று இங்கொன்று.

எனக்கு உளவியல் தெரியாது. கோப்பை மூடி, தாளை நீட்டி, அவள் எழுதி முடிக்கும்வரை பக்கத்தில் இருந்தேன். இது எந்தப் பெற்றோராலும் முடியும்.