சவாரிக்கு விலை வைப்பவர் பொறுப்பும் ஏற்கட்டும்



சென்னையில் வாடகைக் காரும் ஆட்டோவும் ஓட்டிப் பிழைக்கும் நாங்கள் சிலர் கூடி இந்நகர மக்களுக்கு எழுதும் வேண்டுகோள் இது. எங்களில் ஓலா, ஊபர் போன்ற செயலிகளில் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். எழும்பூரிலும் மாம்பலத்திலும் ஸ்டாண்டில் வண்டி போட்டு இருபது, முப்பது வருடமாக ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று கார்களை வைத்துச் சின்னதாக டிராவல்ஸ் நடத்தி, இன்று மிஞ்சிய ஒரு காரில் தாமே ஸ்டியரிங் பிடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் சவாரியை மற்றவர் பறிக்கிறார் என்று எங்களுக்குள்ளேயே வெகுகாலம் சண்டை போட்டோம். ரயில் நிலைய வாசலில் செயலி வண்டி வந்து நின்றால் ஸ்டாண்டுக்காரர்கள் மறித்ததை நீங்களே பார்த்திருப்பீர்கள். இரண்டு தரப்புக்கும் அடி ஒரே இடத்திலிருந்துதான் விழுகிறது என்பது புரிந்த பிறகு ஒன்றாக உட்கார்ந்தோம்.

நாங்கள் கேட்பது இதுதான். ஒரு சவாரிக்கு என்ன விலை, அது யாருக்குப் போக வேண்டும், யாரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும் என்பதையெல்லாம் ஒரு நிறுவனம் முடிவு செய்கிறது என்றால், அதனால் வரும் நல்லது கெட்டதுக்கும் அந்த நிறுவனம் சட்டப்படி பொறுப்பேற்க வேண்டும். இதை நாங்கள் தனியாகக் கேட்டால் யார் காதிலும் விழாது. 2023 அக்டோபரில் மூன்று நாள் வண்டிகளை நிறுத்திப் பார்த்தோம். பயணிகளாகிய நீங்களும் சேர்ந்து கேட்டால்தான் கோட்டை வரைக்கும் கேட்கும்.

உங்கள் கோபம் எங்களுக்குத் தெரியும். “ஆப்ல 140 காட்டுது, நீங்க 180 கேக்கறீங்களேண்ணா?” என்ற கேள்வி இல்லாமல் எங்களுக்குப் பொழுது போவதில்லை. கேட்பதில் தவறே இல்லை. கைப்பேசி ஒரு தொகையைக் காட்டினால் அதுதான் நியாயமான விலை என்று யாரும் நம்புவார்கள். ஆனால் அந்தத் தொகை எப்படி வந்தது என்று உங்களுக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. நீங்கள் ஏறும் இடத்திலிருந்துதான் அதற்குக் கணக்கு. வளசரவாக்கத்தில் நிற்பவரை வடபழனிக்கு வந்து ஏற்றச் சொன்னால் அந்தத் தூரத்துக்கான எரிபொருள் பெரும்பாலும் ஓட்டுநரின் கைக்காசு. இரவு பதினோரு மணிக்குச் சிறுசேரி சிப்காட்டில் இறக்கிவிட்டால் சோழிங்கநல்லூர் வரைக்கும் வண்டி காலியாகத்தான் திரும்ப வேண்டும். மழை கொட்டும் மாலையில் கட்டணம் ஏறும்போது, கூடுதல் பணம் முழுவதும் ஓட்டுநருக்குத்தான் போகிறது என்று நினைத்து எங்களைக் கடிந்துகொள்கிறீர்கள். அதில் எங்களுக்கு வருவது எவ்வளவு, நிறுவனம் எடுப்பது எவ்வளவு என்று உங்கள் ரசீது தெளிவாகச் சொல்வதில்லை.

கிளாம்பாக்கத்தில் விடியற்காலையில் இந்தச் சண்டை இன்னும் கடுமையாக நடக்கிறது. 2023 டிசம்பர் கடைசியில் அங்கே பேருந்து முனையம் திறந்தது. ராத்திரி முழுக்கப் பேருந்தில் வந்து, மூட்டையும் குழந்தையுமாக இறங்கும் குடும்பத்துக்கு அண்ணா நகர் போக ஒரு விலை காட்டுகிறது செயலி. அந்த விலைக்கு வந்தால் கட்டுப்படியாகாது என்கிறார் ஓட்டுநர். இரண்டு பேரும் களைத்துப்போனவர்கள், இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. விலை வைத்தவர் மட்டும் அங்கே இருப்பதில்லை.

பயணிகளுக்கும் இந்த விலைகள் மீது சந்தேகம் இருக்கிறது. ஒரே சவாரிக்கு ஐபோனில் ஒரு விலை, ஆண்ட்ராய்டில் ஒரு விலை காட்டுவதாகப் புகார்கள் எழுந்து, 2025 ஜனவரியில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஓலாவுக்கும் ஊபருக்கும் நோட்டீஸ் அனுப்பியது. அந்த நிறுவனங்கள் குற்றச்சாட்டை மறுத்தன. மறுக்கட்டும், விலையைக் கணக்கிடும் முறையை வெளியில் வைத்தால் இந்தச் சந்தேகத்துக்கே இடமிருக்காது.

இந்த நிலைமைக்கு எப்படி வந்தோம் என்பதையும் சொல்ல வேண்டும். செயலிகள் வருவதற்கு முன்பே சென்னையில் கால் டாக்சி நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. போன் செய்தால் வாசலுக்கு வண்டி வந்தது. 2010இல் ஓலா தொடங்கியது, 2013இல் ஊபர் இந்தியாவுக்கு வந்தது. முதலீட்டாளர்களின் பணத்தைக் கொட்டி, அடக்க விலைக்கும் கீழே பயணிக்குக் கட்டணம், ஓட்டுநருக்குச் சவாரிக் காசுக்கு மேல் இன்சென்டிவ் என்று இரண்டு பக்கமும் கொடுத்தார்கள். 2015இல் தன் போட்டி நிறுவனமான டாக்சிஃபார்ஷ்யூரை ஓலா 20 கோடி டாலருக்கு வாங்கியது. ஃபாஸ்ட் டிராக், மேரு போன்ற கால் டாக்சி நிறுவனங்கள், அடக்க விலைக்குக் கீழான இந்தக் கட்டணம் போட்டியாளரை ஒழிப்பதற்கான விலை என்று இந்தியப் போட்டி ஆணையத்திடம் போயின. பெங்களூருச் சந்தையில் ஓலா மீதான அந்தப் புகார்களை ஆணையம் 2017 ஜூலையில் தள்ளுபடி செய்தது. ஊபர் போட்டியாக இருப்பதால் ஓலாவுக்கு ஆதிக்க நிலை இல்லை என்பது காரணம். தில்லிப் பகுதியில் ஊபர் மீது மேரு தொடுத்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. ஒரு சவாரிக்கு 204 ரூபாய் நஷ்டத்தில் ஊபர் ஓட்டுகிறது என்ற கணக்கை எடுத்துக்காட்டி, விசாரணை நடக்கட்டும் என்று 2019 செப்டம்பரில் நீதிமன்றம் சொன்னது. 2021இல் ஆணையம் அதையும் முடித்துவைத்தது. சட்டம் யோசித்து முடிப்பதற்குள் பழைய கால் டாக்சித் தொழில் பாதிக்கு மேல் படுத்துவிட்டது.

அந்த இன்சென்டிவை நம்பி எத்தனையோ பேர் ஊரில் நகையை அடகு வைத்து, காணியை விற்று, கடன் வாங்கிக் கார் எடுத்தார்கள். ஆள் சேர்ந்ததும் இன்சென்டிவ் குறைந்தது. அதே தொகைக்கு முடிக்க வேண்டிய சவாரிகளின் எண்ணிக்கை கூடியது. கமிஷன் நூற்றுக்கு 25ஐத் தாண்டிய நாட்களும் உண்டு. கார் கடனின் மாதத் தவணையான டியூ மட்டும் தவறாமல் வந்து நின்றது. எட்டு மணி நேரத்தில் கிடைத்த வருமானத்துக்குப் பதினான்கு மணி நேரம் ஓட்ட வேண்டியதாயிற்று. தூக்கம் இல்லாத ஓட்டுநரின் பின்னால் உட்கார்ந்திருப்பது நீங்கள், உங்கள் பிள்ளைகள். ஆகவே இது உங்கள் உயிர் சம்பந்தப்பட்ட விஷயமும் கூட.

எங்களில் ஒருவருக்கு நடந்ததைச் சொல்கிறோம். ஒரு நாள் இரவு சவாரியை முடித்துவிட்டுப் பார்த்தால் அவருடைய செயலி ஐடி பிளாக். என்ன காரணம் என்று செயலியில் இல்லை. உதவி எண்ணை அழைத்தால் பதிவு செய்த குரல் பேசியது. அலுவலகத்துக்குப் போனால் புகார் பதிவாகியிருக்கிறது, காத்திருங்கள் என்றார்கள். பல நாள் கழித்து, போன மாதிரியே காரணம் சொல்லாமல் ஐடி திரும்பி வந்தது. அதற்குள் டியூ தவறி, பைனான்ஸ்காரர்கள் வீட்டு வாசலில் வந்து நின்றுவிட்டுப் போனார்கள். அவர் மேல் யாராவது புகார் சொல்லியிருக்கலாம், அது உண்மையாகக்கூட இருந்திருக்கலாம். ஆனால் என்ன குற்றம் என்று சொல்லி, உன் பதில் என்ன என்று கேட்ட பிறகுதானே தண்டனை? சின்ன மளிகைக் கடையில்கூட ஆளை நிறுத்தும்போது முகத்தைப் பார்த்து ஒரு வார்த்தை சொல்லி அனுப்புகிறார்கள்.

இப்போது செயலி நிறுவனங்கள் கமிஷனே இல்லை என்கின்றன. நாள் கட்டணம் கட்டினால் போதும், சவாரிப் பணம் முழுக்க உங்களுக்கே என்று ராபிடோ தொடங்கியது. 2025இல் ஊபர் ஆட்டோக்களுக்கு இந்த முறையைக் கொண்டுவந்தது, பிறகு ஓலாவும் இதற்கு மாறியது. எங்களில் பலருக்கு இதில் கையில் நிற்கும் காசு கொஞ்சம் கூடியிருப்பது உண்மை. ஆனால் இன்னொன்றும் நடக்கிறது. “நாங்கள் மென்பொருள் கொடுப்பவர்கள் மட்டும்தான், சவாரி என்பது உங்களுக்கும் பயணிக்கும் இடையிலானது” என்று சொல்லி நிறுவனங்கள் ஒதுங்கிக்கொள்ள இது வழி செய்கிறது. கட்டணத்தைக் காட்டுவதும், யாருக்கு அழைப்பு என்று தீர்மானிப்பதும், ஐடியை முடக்குவதும் இன்றும் அவர்கள்தான். சவாரி கிடைக்காத நாளின் நஷ்டம் மட்டும் ஓட்டுநர் தலையில்.

ஸ்டாண்டு ஆட்டோக்களைப் பற்றி உங்கள் மனதில் இருப்பதையும் பேசிவிடுவோம். மீட்டர் போடாமல் பேரம் பேசி உங்களை நோகடித்த ஆட்டோக்கள் இந்த ஊரில் இருந்தன. செயலி வந்தபோது நீங்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டதற்கு அதுவே காரணம். அதை மூடிமறைத்து உங்களிடம் ஆதரவு கேட்க மாட்டோம். அதே சமயம் மீட்டரின் கதையையும் பாருங்கள். 2013 ஆகஸ்டில் அரசு முதல் 1.8 கிலோமீட்டருக்கு 25 ரூபாய், அதற்கு மேல் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 12 ரூபாய் என்று நிர்ணயித்தது. அன்று பெட்ரோல் 75 ரூபாயை ஒட்டி இருந்தது. பிறகு 100ஐத் தாண்டியது. மீட்டர் கட்டணமோ பத்து வருடத்துக்கும் மேலாகத் திருத்தப்படவே இல்லை. எட்டு கிலோமீட்டர் சவாரிக்கு அந்தக் கணக்கில் 99 ரூபாய் 40 காசு. வண்டியின் தகுதிச் சான்றான எஃப்.சி., இன்சூரன்ஸ், டயர், பள்ளிக்கூடக் கட்டணம் எதுவும் 2013இல் நிற்கவில்லை. 2025 பிப்ரவரி 1இலிருந்து முதல் 1.8 கிலோமீட்டருக்கு 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 18 ரூபாய் என்று ஆட்டோ சங்கங்கள் தாங்களாகவே அறிவித்தன. அரசு அதை ஏற்கவில்லை. அரசு செய்ய வேண்டிய வேலையைச் செய்யாமல் விட்ட இடத்தில்தான் ஒரு பக்கம் பேரமும் மறுபக்கம் செயலியின் விலையும் வந்து உட்கார்ந்தன.

ஸ்டாண்டு ஒழிந்தால் யாருக்கு நஷ்டம் என்று எங்களுக்குத் தெரியும். வாரம் மூன்று முறை டயாலிசிஸுக்குப் போகும் பெரியவரைக் கைத்தாங்கலாக இறக்கி, சக்கர நாற்காலி கொண்டுவந்து உட்கார வைத்து, முடியும் வரை காத்திருந்து வீட்டில் கொண்டுவந்து விடுகிறவர் தெருமுனை ஸ்டாண்டுக்காரர். மாதக் கடைசியில் கையில் பணம் இல்லாவிட்டால், அப்புறம் வாங்கிக்கிறேம்மா என்பார். ஸ்மார்ட்போன் இல்லாத, இருந்தாலும் ஓடிபி சொல்லத் தடுமாறும் எத்தனையோ முதியவர்கள் இந்த ஊரில் தனியாக வாழ்கிறார்கள். அவர்களுக்கு எந்தச் செயலியும் இந்த வேலையைச் செய்யாது.

நடக்க முடியாத எதையும் நாங்கள் கேட்கவில்லை. பிரிட்டனில் ஊபர் ஓட்டுநர்கள் தொழிலாளர்களே என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2021 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. குறைந்தபட்ச ஊதியமும் சம்பளத்துடன் விடுப்பும் அவர்களுக்கு உரிமையாயின. பக்கத்தில் கேரளத்தில் 2022 ஆகஸ்டில் அரசே ‘கேரள சவாரி’ என்ற செயலியைத் தொடங்கி, அரசு நிர்ணயித்த கட்டணத்தின் மேல் 8 சதவீதம் மட்டும் சேவைக் கட்டணம் வைத்தது. பெங்களூரில் அதே வருடம் ஓட்டுநர் சங்கத்தின் துணையோடு ‘நம்ம யாத்ரி’ வந்தது. இராஜஸ்தான் 2023இல் செயலிவழித் தொழிலாளர்களுக்கென்றே சட்டம் இயற்றியது. தமிழ்நாடும் அந்த வருடக் கடைசியில் அவர்களுக்குத் தனி நலவாரியம் அமைத்தது. அதற்கு நன்றி சொல்கிறோம். ஆனால் நலவாரியம் விபத்துக்குப் பிறகு கைகொடுக்கும், அன்றாடக் கூலியை அது காக்காது.

மத்திய அரசின் வழிகாட்டு நெறிகள் 2020இலும் 2025இலும் வந்தன. சொந்த வண்டி ஓட்டுபவருக்குக் கட்டணத்தில் குறைந்தது 80 சதவீதம், 5 லட்ச ரூபாய் மருத்துவக் காப்பீடு, 10 லட்ச ரூபாய் ஆயுள் காப்பீடு என்று அவற்றில் எழுதியிருக்கிறது. அவற்றுக்கு உயிர் கொடுக்க வேண்டியது மாநில அரசு. இந்த உரிமைகள் தமிழ்நாட்டில் ஓடும் ஒவ்வொரு வண்டிக்கும் வந்து சேர வேண்டும். ஆட்டோ, வாடகைக் கார் கட்டணத்தை எரிபொருள் விலையோடு சேர்த்து வருடந்தோறும் திருத்த வேண்டும். அதற்குக் கீழே எந்தச் செயலியும் விலை காட்டக் கூடாது. காரணம் சொல்லாமல், விளக்கம் கேட்காமல் ஐடியை முடக்கக் கூடாது. பணம் எப்படிப் பிரிகிறது என்பதை ஒவ்வொரு ரசீதிலும் அச்சிட வேண்டும். கேரளம் செய்ததுபோல் தமிழ்நாடு அரசும் ஒரு செயலியைத் தொடங்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது சிலவே. வண்டி பாதி தூரம் வந்த பிறகு ரத்து செய்யாதீர்கள். செயலியின் கோளாறுக்காக ஓட்டுநருக்கு ஒற்றை நட்சத்திரம் போடாதீர்கள்; அவர் தவறு செய்திருந்தால் என்ன தவறு என்று எழுதுங்கள். உங்கள் தெரு ஸ்டாண்டில் ஒருவருடைய எண்ணை வாங்கி வைத்து, தெரிந்த இடத்துக்குப் போகும்போது அவரை அழையுங்கள். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களே, ஐ.டி. நிறுவனங்களே, காத்திருக்கும் ஓட்டுநர் உங்கள் வளாகக் கழிப்பறையைப் பயன்படுத்த அனுமதியுங்கள். பன்னிரண்டு மணி நேரம் ஓட்டுகிறவர், அதிலும் பெண் ஓட்டுநர், இதற்காகத் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்.

இதையெல்லாம் விட முக்கியமாக, உங்கள் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினருக்கும் போக்குவரத்து ஆணையருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். மேலே நாங்கள் கேட்டவற்றில் உங்களுக்கு நியாயம் என்று படுவதை மட்டும் உங்கள் வார்த்தையில் எழுதினால் போதும். ஓட்டுநர்கள் எழுதினால் அது தொழில் தகராறு என்று கோப்பில் போய்விடும். வாக்காளர்களும் பயணிகளும் எழுதினால் பதில் சொல்லியாக வேண்டும்.

இப்படிக்கு,
சென்னையில் வாடகைக் காரும் ஆட்டோவும் ஓட்டும் உங்கள் ஓட்டுநர்கள்