பெயர்க் கதைகள்: வானம் தந்த பிள்ளையின் குடும்பப் பெயர்

கல்யாண மண்டபத்தில் யாராவது மைக் பிடித்துப் பேசும்போது குரல் இரண்டு இரண்டாகக் கேட்டால், “எக்கோ அடிக்குது, கொஞ்சம் குறைங்கப்பா” என்று சத்தம் போடுவோம் இல்லையா? இத்தாலிய மொழியிலும் அது ‘எக்கோ’தான். எதிரொலி என்று அர்த்தம். அந்தச் சொல்லையே குடும்பப் பெயராகக் கொண்ட ஒரு வீட்டின் கதையைத்தான் இந்த வாரம் பார்க்கப்போகிறோம்.

அந்த வீட்டுப் பிள்ளைதான் உம்பெர்த்தோ எக்கோ. 1980-ல் வெளிவந்த ‘ரோஜாவின் பெயர்’ நாவலால் உலகம் முழுக்கப் புகழ்பெற்ற எழுத்தாளர், பேராசிரியர். நாவல் படிக்காதவர்கள்கூட 1986-ல் வந்த படத்தைப் பார்த்திருக்கலாம். ஜேம்ஸ் பாண்டாக நடித்த ஷான் கானரி, அதில் கொலைகளைத் துப்பறியும் துறவியாக வருவார்.

இத்தாலியில் ரோஸ்ஸி, ருஸ்ஸோ, ஃபெர்ராரி என்ற குடும்பப் பெயர்கள் ஊருக்கு ஊர் கிடைக்கும். ஆனால் ‘எக்கோ’ அப்படியில்லை. மிக அபூர்வம். ஏன் என்று தேடிப்போனால் ஒரு பச்சைக் குழந்தையிடமும், அதற்குப் பெயர் எழுதிய ஓர் அதிகாரியிடமும் போய் நிற்போம்.

சிவந்த முடியும் கொல்லன் பட்டறையும்

முதலில், ஒரு குடும்பப் பெயர் எப்படிப் பரவலாகிறது?

‘ரோஸ்ஸி’ என்றால் சிவப்பு. முடியோ தாடியோ சிவப்பாக இருந்த ஒருவரை ஊர்க்காரர்கள் அப்படிக் கூப்பிட்டிருப்பார்கள். தென் இத்தாலியில் அதுவே ‘ருஸ்ஸோ’. ‘ஃபெர்ராரி’ என்றதும் நமக்குச் சிவப்புக் கார் ஞாபகம் வரும். ஆனால் அது கொல்லர் வீட்டுப் பெயர். ‘ஃபெர்ரோ’ என்றால் இரும்பு. இப்படி அடையாளம், தொழில், சொந்த ஊர், அப்பாவின் பெயர் ஆகிய நான்கு வழிகளில்தான் இத்தாலியக் குடும்பப் பெயர்களில் பெரும்பாலானவை பிறந்தன.

1563-ல் முடிந்த திரெந்து திருச்சபைச் சங்கத்துக்குப் பிறகு, ஒவ்வொரு கத்தோலிக்கப் பங்கிலும் ஞானஸ்நானத்தையும் திருமணத்தையும் பதிவேட்டில் எழுதிவைக்கும் வழக்கம் உறுதியானது. ஊர் வாயில் உலவிக்கொண்டிருந்த பட்டப்பெயர்கள் மை பட்டு நிலைத்துவிட்டன.

இதில் ஒரு கணக்கு இருக்கிறது. சிவந்த முடிக்காரர் எல்லா ஊரிலும் இருந்தார். கொல்லரும் எல்லா ஊரிலும் இருந்தார். ஆகவே ரோஸ்ஸியும் ஃபெர்ராரியும் நூற்றுக்கணக்கான இடங்களில் தனித்தனியாக முளைத்தன. எல்லா ரோஸ்ஸிகளும் சொந்தக்காரர்கள் இல்லை. ஒரு பெயர் அபூர்வமாக இருக்கிறது என்றால், பெரும்பாலும் அது ஓரிரு இடங்களில் மட்டுமே முளைத்தது என்று பொருள். சில சமயம், ஒரே ஒரு மனிதரிடமிருந்து.

சுவருக்குள் சுழலும் தொட்டில்

நேப்பிள்ஸ் நகரில் அன்னுன்ஸியாத்தா என்ற பழைய தேவாலயமும் அதை ஒட்டிய விடுதியும் உண்டு. அதன் வாசல் சுவரில் ஒரு துவாரம். அதற்குள் மரத்தால் செய்த உருளை ஒன்று இருந்தது. குழந்தையை வளர்க்க வழியில்லாதவர்கள் அதில் வைத்துச் சுழற்றிவிட்டுப் போய்விடுவார்கள். வைத்தவர் முகத்தை உள்ளே இருப்பவர் பார்க்க முடியாது. குழந்தை மட்டும் சுவரின் அந்தப் பக்கம் போய்ச் சேரும். வறுமை, ஊர்ப்பேச்சு பற்றிய பயம், தாயின் மரணம் என்று காரணங்கள் பல. நேப்பிள்ஸில் இந்தச் சுழல் தொட்டில் 1875-ல்தான் மூடப்பட்டது. துவாரம் இன்றும் இருக்கிறது. பயணிகள் போய்ப் பார்க்கிறார்கள்.

ஃபுளோரன்ஸ் நகரின் இன்னொசெந்தி இல்லம் இதைவிடப் புகழ்பெற்றது. கட்டடக்கலை மேதை புருனெல்லெஸ்கி வடிவமைப்பில் 1419-ல் தொடங்கிய அந்தக் கட்டடத்துக்கு முதல் குழந்தை வந்து சேர்ந்தது 1445 பிப்ரவரியில். பெண் குழந்தை. அகாதா ஸ்மெரால்தா என்று பெயர் வைத்தார்கள்.

அந்த இல்லத்தின் அருங்காட்சியகத்தில் சின்னச் சின்ன இழுப்பறைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஒரு பொருள். பாதியாக வெட்டிய பதக்கம், உடைத்த காசு, ஒரு துண்டு ரிப்பன், நாலைந்து மணிகள். குழந்தையோடு வந்த அடையாளங்கள் அவை. மறுபாதி தாயிடம் இருந்திருக்கும். என்றாவது நிலைமை சரியானால் இரண்டு பாதிகளையும் பொருத்திப் பார்த்து, ‘இது என் பிள்ளை’ என்று கூட்டிப்போகலாம் என்ற நம்பிக்கை. இழுப்பறையில் மீந்து கிடப்பவை, யாரும் வந்து பொருத்தாத பாதிகள்.

பெயரே முத்திரையானது

உள்ளே வந்த குழந்தையைப் பதிவேட்டில் எழுத வேண்டும். அப்பா பெயர் தெரியாது, ஊர் தெரியாது, தொழில் தெரியாது. மேலே சொன்ன நான்கு வழிகளும் அடைபட்டுவிட்டன. என்ன செய்வது?

நேப்பிள்ஸில் ‘எஸ்போஸித்தோ’ என்று எழுதினார்கள். லத்தீனில் ‘வெளியே வைக்கப்பட்டவர்’ என்று அர்த்தம். ரோம் பக்கத்தில் ‘ப்ரொயெத்தி’. இதற்கு ‘எறியப்பட்டவர்’ என்று பொருள், கேட்கவே கஷ்டமாக இருக்கிறது. ஃபுளோரன்ஸில் இல்லத்தின் பெயரையே வைத்து ‘இன்னொசெந்தி’, அதாவது ‘மாசற்றவர்’. மிலானில் இக்குழந்தைகளை ஏற்ற பெரிய மருத்துவமனையின் சின்னம் புறா. ஆகவே பிள்ளைகளுக்கு ‘கொலம்போ’. (இலங்கையின் கொழும்புக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை!)

இந்தப் பெயர்கள் எவையும் இன்று அபூர்வமானவை அல்ல. எஸ்போஸித்தோ, நாட்டிலேயே அதிகம் புழங்கும் குடும்பப் பெயர்களில் ஒன்று. எத்தனை குழந்தைகள் அந்த உருளையில் சுழன்றிருப்பார்கள் என்பதற்கு அதுவே சாட்சி. அதற்காக ஒவ்வொரு கொலம்போவின் முன்னோரும் கைவிடப்பட்ட குழந்தை என்று முடிவுகட்டக் கூடாது. புறா வளர்த்தவருக்கும் அதே பெயர் வந்திருக்கும். கிறிஸ்டோபர் கொலம்பஸின் இத்தாலியக் குடும்பப் பெயரும் கொலம்போதான்.

பிரச்னை என்னவென்றால், எஸ்போஸித்தோ என்று சொன்ன மாத்திரத்தில் எதிரில் இருப்பவருக்கு எல்லாம் புரிந்துவிடும். வேலை கேட்கப் போனாலும் பெண் கேட்கப் போனாலும் பெயர் முன்னாலேயே போய் நின்று, ‘இவனுக்குப் பெற்றோர் யாரென்று தெரியாது’ என்று சொல்லிவிடும். அவன் பிள்ளைக்கும் அதே பெயர். பேரனுக்கும் அதே பெயர்.

19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நேப்பிள்ஸை ஆண்டவர் நெப்போலியனின் மைத்துனர் ஜொவாக்கின் முராத். அவர் ஆட்சியில், இனி குழந்தைகளுக்கு இந்தப் பெயரை வைக்கக் கூடாது என்று தடை வந்தது. மிலானிலும் கொலம்போ வைக்கும் வழக்கம் அதே நூற்றாண்டின் முற்பகுதியில் நின்றது.

பேனா பிடித்தவரின் ஒரு நிமிடம்

தடை வந்ததும் பதிவு அதிகாரிகளுக்குப் புது வேலை வந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாக ஒரு குடும்பப் பெயரை யோசிக்க வேண்டும்! மாதம், கிழமை, அன்றைய புனிதர், பூ, மரம், ஊர் என்று கைக்கு எட்டியதை எல்லாம் எடுத்தார்கள். சிலர் மனமிரங்கி நல்வாக்காகவே வைத்தார்கள்.

அபூர்வப் பெயர்கள் பிறந்த நாற்றங்கால்களில் இதுவும் ஒன்று. ஒரு குழந்தைக்காக ஒரு முறை மட்டும் யோசித்த பெயர். அந்தக் குழந்தை வளர்ந்து, மணமுடித்து, மகன்களைப் பெற்றால்தான் அது தொடரும். இல்லையென்றால் பதிவேட்டின் அந்த ஒரு வரியோடு முடிந்துவிடும்.

‘எக்கோ’ அப்படி வந்த பெயர்தான். உம்பெர்த்தோவின் தாத்தா, பெற்றோர் யாரென்று தெரியாமல் கண்டெடுக்கப்பட்ட குழந்தை. ஒரு நகராட்சி அதிகாரி அவருக்கு இந்தப் பெயரை வைத்தாராம். பார்வைக்கு ‘எதிரொலி’. ஆனால் அது மூன்று லத்தீன் சொற்களின் முதலெழுத்துகள் என்பது அதற்குச் சொல்லப்படும் விளக்கம். எக்ஸ், கேலிஸ், ஒப்லாத்துஸ். ‘வானங்களிலிருந்து அளிக்கப்பட்டவர்’.

எஸ்போஸித்தோவையும் எக்கோவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே நிலையில் வந்த குழந்தைகளுக்கு வைத்த பெயர்கள். ஒன்று ‘உன்னை வெளியே வைத்துவிட்டுப் போனார்கள்’ என்கிறது. இன்னொன்று ‘உன்னை வானம் கொடுத்தது’ என்கிறது. அதையும் லத்தீனுக்குள் மறைத்துச் சொல்கிறது. தெருவில் கூப்பிடுகிறவனுக்குத் தெரியாது, எழுதியவருக்குத்தான் தெரியும்.

13 பிள்ளைகள், ஒரு பெட்டிப் புத்தகம்

யார் பிள்ளை என்றே தெரியாத அந்த மனிதரின் வீட்டில் 13 பிள்ளைகள்! அதில் ஒருவர் ஜூலியோ, உம்பெர்த்தோவின் அப்பா. அத்தனை பேர் இருந்த வீட்டில் புத்தகம் வாங்கக் காசு ஏது? ஜூலியோ சிறுவனாக இருந்தபோது தெருவோரப் புத்தகக் கடையில் நின்றபடியே படிப்பாராம். கடைக்காரர் முறைக்க ஆரம்பித்ததும் அடுத்த கடைக்குப் போய், அதே புத்தகத்தை எடுத்து விட்ட இடத்திலிருந்து தொடர்வாராம். உம்பெர்த்தோவே ஒரு பேட்டியில் சொன்னது இது.

தாத்தா அச்சகத்தில் எழுத்துக் கோப்பவர். ஓய்வுபெற்ற பிறகு வீட்டிலேயே புத்தகங்களுக்கு பைண்டிங் போட்டுக் கொடுத்தார். 1938-ல் அவர் இறந்தபோது, பைண்டிங்குக்குக் கொடுத்திருந்த பலர் புத்தகங்களைத் திரும்ப வாங்க வரவில்லை. எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் போட்டார்கள். அது கடைசியில் உம்பெர்த்தோ வீட்டு நிலவறைக்கு வந்தது. கரி எடுத்துவரச் சொல்லிக் கீழே அனுப்பினால், பையன் பெட்டியைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். ஜூல்ஸ் வெர்ன், மார்கோ போலோ, டார்வின் எல்லாம் அங்கேதான் அறிமுகம்.

அந்தப் பையன் 2016-ல் இறக்கும்போது அவரிடம் சுமார் 50,000 புத்தகங்கள் இருந்தன. யாரும் தேடி வராத குழந்தையாக இருந்தவர், யாரும் தேடி வராத புத்தகங்களைப் பேரனுக்கு விட்டுப்போனார்.

தாத்தாவின் கதையை உம்பெர்த்தோ மறக்கவில்லை என்றே தோன்றுகிறது. 1988-ல் வந்த ‘ஃபூக்கோவின் ஊசல்’ நாவலில் தியோத்தல்லேவி என்றொரு பாத்திரம். அந்தக் குடும்பப் பெயருக்கு ‘கடவுள் உன்னை வளர்க்கட்டும்’ என்று பொருள். அந்தப் பாத்திரத்தின் தாத்தாவும் கண்டெடுக்கப்பட்ட குழந்தைதான்!

சட்டம் கற்றுக்கொண்டது

பெயர் தப்பித்தாலும் மற்ற காகிதங்கள் விடவில்லை. இத்தாலியில் அடையாள ஆவணங்களில் அப்பா பெயருக்கு ஓர் இடம் இருந்தது. தெரியாதவர்களுக்கு அங்கே ‘என்.என்.’ என்று இரண்டு எழுத்து விழும். பள்ளியில், ராணுவத்தில், வேலையில், காகிதம் நீட்டுகிற இடமெல்லாம் அந்த இரண்டு எழுத்து. 1955-ல் வந்த சட்டம்தான் பெற்றோர் பெயரை அத்தகைய ஆவணங்களிலிருந்து நீக்கியது.

இன்றும் இத்தாலியில் ஒரு தாய் தன் பெயரைச் சொல்லாமல் மருத்துவமனையில் பிரசவிக்கலாம். அப்போது குழந்தைக்குப் பெயரும் குடும்பப் பெயரும் வைப்பது பதிவு அதிகாரியின் பொறுப்பு. 2000-ல் வந்த விதி அவருக்குச் சில எல்லைகளைப் போடுகிறது. பிறப்பின் பின்னணியைக் காட்டிக்கொடுக்கும் பெயர் கூடாது. வரலாற்றுப் புகழ்பெற்ற குடும்பப் பெயர் கூடாது. அந்த ஊரில் பிரபலமான குடும்பத்தின் பெயரும் கூடாது. எக்கோ வீட்டுக்குப் பெயர் வைத்தவர் தாமாகச் செய்ததை இன்று சட்டமே கட்டாயமாக்கியிருக்கிறது.

அபூர்வப் பெயர்களுக்கு இன்னொரு நல்ல செய்தியும் உண்டு. இத்தாலியில் திருமணமானாலும் பெண்ணின் அதிகாரபூர்வக் குடும்பப் பெயர் மாறுவதில்லை. ஆனால் பிள்ளைகளுக்கு அப்பா பெயர்தான் தானாகப் போகும். மகள்கள் மட்டும் இருக்கும் வீட்டில் அந்தப் பெயர் அத்தோடு நின்றுவிடும். 2022-ல் அரசியல் சாசன நீதிமன்றம் அந்த வழக்கம் செல்லாது என்று தீர்ப்பளித்தது. இப்போது பிள்ளைக்கு இருவர் பெயரும் வரும். ஒருவர் பெயர் மட்டும் போதும் என்று பெற்றோர் சேர்ந்து முடிவுசெய்தால் அப்படியும் வைக்கலாம். ஒரே வீட்டில் மிஞ்சியிருக்கும் ஒரு பெயரை இனி மகளும் காப்பாற்றலாம்.

அடுத்த முறை ஃபுட்பால் மேட்ச்சிலோ படத்தின் டைட்டில் கார்டிலோ கேள்விப்படாத ஓர் இத்தாலியக் குடும்பப் பெயர் வந்தால், அர்த்தத்தைத் தேடிப் பாருங்கள். பழைய அரச வம்சமாக இருக்கலாம், மலையோரக் கிராமமாக இருக்கலாம். சில சமயம், பெயர் தெரியாத ஓர் அலுவலகக்காரர் ஒரு பச்சைக் குழந்தைக்காக ஒரு நிமிடம் கூடுதலாக யோசித்ததாகவும் இருக்கலாம். எக்கோவின் தாத்தாவுக்குப் பெயர் வைத்தவரின் பெயர் புகழ்பெறவில்லை. அவர் எழுதிய பெயர்தான் உலகம் முழுக்கப் புத்தக அட்டைகளில் இருக்கிறது.

அடுத்த வாரம் இன்னொரு பெயரோடு சந்திப்போம்.