பாஷையை மறைத்தது யார்?

"லினக்ஸும் விண்டோஸும் ஒன்றோடொன்று ஒத்துப் போகாது. லினக்ஸைத் தூக்கி எறியுங்கள். எல்லாவற்றையும் விண்டோஸாக வாங்கிப் போடுங்கள். தொல்லை விட்டது!"

கம்ப்யூட்டர் வியாபாரிகள் இப்படி உபதேசம் செய்து வருகிறார்கள். சங்கக் காரியாலயத்துக்கு வந்தாலும் இதே உபதேசம். கூட்டுறவுச் சங்கத்துக்குப் போனாலும் இதே உபதேசம். நம் தோழர்களில் சிலரும், "படித்தவர் சொல்கிறார், சரியாகத்தான் இருக்கும்" என்று தலையாட்டிவிடுகிறார்கள்.

தலையாட்டுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்போம். இவ்விரண்டில் பேச மறுத்தது எது? பாஷையை மறைத்து வைத்தது யார்?

விஷயம் இதுதான். சங்கக் காரியாலயத்தின் மூலையில் பழைய கம்ப்யூட்டர் ஒன்று இருக்கிறது. அதில் லினக்ஸ் ஓடுகிறது. அங்கத்தினர் ஜாபிதா, சம்பளச் சீட்டுகள், மஸ்தர் ரோல் நகல்கள், பி.எஃப். மனுக்கள், வழக்குக் கட்டுகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. இதைத்தான் சர்வர் என்கிறார்கள். மேஜை மேல் உள்ள கம்ப்யூட்டர்களில் விண்டோஸ் ஓடுகிறது. அங்கிருந்தபடியே மூலையில் உள்ள பொது அலமாரியைத் திறந்து வேண்டிய கட்டை எடுக்கலாம்; எழுதித் திரும்ப வைக்கலாம்.

ஒரு நாள் காலையில் அலமாரி திறக்க மறுக்கிறது. நாளைக்கு லேபர் கோர்ட்டில் விசாரணை. வேலை நீக்கம் செய்யப்பட்ட தொழிலாளியின் பத்து வருஷத்துச் சம்பளக் கணக்கு உள்ளே கிடக்கிறது. முதலாளியின் வக்கீல் தயாராக நிற்கிறார். நம்மிடம் காகிதம் இல்லை! இந்த அவசரத்தில்தான் வியாபாரி வந்து விலைப்பட்டியலை நீட்டுகிறார்.

காதால் கேட்டுக் கற்ற பாஷை

இரண்டு கம்ப்யூட்டர்கள் கோப்புகளைப் பரிமாறிக்கொள்ள ஒரு பாஷை வேண்டும். விண்டோஸ் பேசும் பாஷைக்கு எஸ்.எம்.பி. என்று பெயர். 1980-களில் ஐ.பி.எம். கம்பெனியில் பிறந்த இந்தப் பாஷையை மைக்ரோசாஃப்ட் எடுத்து வளர்த்தது. வளர்க்க வளர்க்க, அதன் இலக்கணத்தைத் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டியது. இந்தப் பாஷை பேசும் சர்வர் வேண்டுமானால் எங்களிடமே வா என்பதுதான் அதன் பொருள். ஊர்க் கிணற்றின் கயிற்றை ஒருவன் எடுத்து வைத்துக்கொண்டு, "தண்ணீர் எல்லோருக்கும் பொது, கயிற்றுக்கு மட்டும் காசு" என்றால் என்ன நியாயமோ, அதே நியாயம்தான் இது!

இந்தப் பூட்டைத் திறந்தவன் கோடீஸ்வரன் அல்ல. ஆஸ்திரேலியாவின் கான்பெராவில், தேசியப் பல்கலைக் கழகத்தில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் என்ற மாணவன் 1991 கடைசியில் இந்த வேலையில் இறங்கினான். 1992-ல் அதை வெளியிட்டான். யாரும் அவனுக்கு இலக்கணப் புத்தகம் கொடுக்கவில்லை. இரண்டு இயந்திரங்கள் கம்பி வழியாகப் பேசிக்கொள்வதை ஒட்டுக் கேட்டான். இவன் இதைச் சொன்னால் அவன் என்ன பதில் தருகிறான் என்று வார்த்தை வார்த்தையாகக் குறித்துக்கொண்டான். பீகாரிலிருந்து நம் மில்லுக்கு வரும் தொழிலாளி தமிழை எப்படிக் கற்கிறான்? பக்கத்து மிஷினில் நிற்பவன் பேசுவதைக் காதால் கேட்டுத்தானே! அப்படித்தான் இதுவும்.

அந்த மென்பொருளுக்குத்தான் சாம்பா என்று பெயர். எஸ், எம், பி என்ற மூன்று எழுத்தும் வரும் சொல்லை அகராதியில் தேடி இந்தப் பெயரை வைத்தார்கள். பல நாட்டுத் தொழில்நுட்ப உழைப்பாளிகள் சேர்ந்து அதை வளர்த்தார்கள். இதை யாரும் எடுக்கலாம், திருத்தலாம், பிறருக்கும் கொடுக்கலாம். ஆனால் திருத்தியதை அடைத்து வைத்துக்கொண்டு பிறருக்கு விற்க முடியாது. விற்றால் அதன் மூலத்தையும் கூடவே கொடுத்தாக வேண்டும். பொதுக் குளத்தை யாரும் பட்டா போடக் கூடாது என்று ஊர் எழுதி வைத்த சட்டம் போன்றது அது.

விலை போனவர்களும் நிலைத்து நின்றவர்களும்

1998-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற இன்னொரு பெரிய கம்பெனி மைக்ரோசாஃப்டிடம் இந்தப் பாஷையின் விவரங்களைக் கேட்டது. மறுக்கப்பட்டது. சன் கம்பெனி ஐரோப்பியக் கமிஷனிடம் புகார் செய்தது. 2004 மார்ச்சில் கமிஷன் தீர்ப்புச் சொல்லிற்று: காரியாலய சர்வர்கள் விண்டோஸோடு பேசுவதற்கான விவரங்களை மைக்ரோசாஃப்ட் வெளியிட வேண்டும், 49 கோடியே 70 லட்சம் யூரோ அபராதமும் கட்ட வேண்டும்.

ஐரோப்பியக் கமிஷன் தொழிலாளி வர்க்கத்தின் தோழன் என்று யாரும் ஏமாற வேண்டாம். முதலாளிக்கும் முதலாளிக்கும் நடந்த சந்தைச் சண்டை அது. ஆனால் அதற்கடுத்து நடந்ததைப் பாருங்கள்.

புகார் செய்த அதே சன் கம்பெனி, 2004 ஏப்ரலில் ஏறத்தாழ 195 கோடி டாலருக்கு மைக்ரோசாஃப்டுடன் சமரசம் செய்துகொண்டது. அதே வருஷம் நவம்பரில் நோவெல் கம்பெனி 53 கோடியே 60 லட்சம் டாலரை வாங்கிக்கொண்டு வழக்கிலிருந்து விலகியது. வேலை நிறுத்தம் நடந்துகொண்டிருக்கும்போதே, நிர்வாகத்தின் பங்களாவுக்குள் போய் தனி ஒப்பந்தம் போட்டுவிட்டு வரும் தலைவர்களை நாம் பார்த்ததில்லையா? அந்த ஜாதிதான் இது!

விலை போகாமல் நின்றவர்களில் முக்கியமானவர்கள் யார்? பணமில்லாத சாம்பாக் குழுவினரும், ஐரோப்பிய சுதந்திர மென்பொருள் அறக்கட்டளையும்தான். மைக்ரோசாஃப்ட் சும்மா இருக்கவில்லை. உத்தரவை நிறைவேற்றாமல் இழுத்தடித்தது. 2006-ல் 28 கோடியே 5 லட்சம் யூரோ அபராதம். விவரம் வேண்டுமென்றால் அநியாய விலை கொடு என்றது. அதற்கு 2008-ல் 89 கோடியே 90 லட்சம் யூரோ அபராதம். இந்தக் கடைசித் தொகையை நீதிமன்றம் 2012-ல் 86 கோடியாகக் குறைத்தது.

2007 செப்டம்பரில் லக்ஸம்பர்க் நீதிமன்றம் கமிஷனின் தீர்ப்பின் முக்கியப் பகுதிகளை உறுதி செய்தது. டிசம்பரில் விவரங்கள் சாம்பாக் குழுவின் கைக்கு வந்தன. அதற்குக் கொடுத்தது ஒரே ஒரு தடவை 10,000 யூரோ. கோடிக் கணக்கில் வாங்கியவர்கள் ஒதுங்கிப் போனார்கள். ஒதுங்காதவர்கள் உலகத்துக்கே வழி திறந்தார்கள்.

இன்று மைக்ரோசாஃப்ட் தன் பாஷையின் விதிகளைப் பகிரங்கமாகவே வெளியிடுகிறது. உண்மைதான். ஆனால் மனம் கனிந்து வெளியிட்டதா? எட்டு மணி நேர வேலை முதலாளியின் கருணையால் வந்தது என்று சொல்பவர்தான் இதையும் நம்புவார்.

ஆகவே, "லினக்ஸ் விண்டோஸோடு பேசாது" என்பது பச்சைப் பொய். முப்பது வருஷத்துக்கு மேலாகப் பேசிக்கொண்டிருக்கிறது. பின் ஏன் ஒரு நாள் காலையில் நின்றுவிடுகிறது? அதையும் பார்ப்போம்.

மதகிலிருந்து வயல்வரை

கடைமடை வயலுக்குத் தண்ணீர் வரவில்லை என்றால் விவசாயத் தொழிலாளி என்ன செய்வான்? வாய்க்காலையே தூர்த்துவிட்டுப் புதிதாக வெட்டு என்பானா? மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு மதகிலிருந்து நடப்பான். மடை மடையாகப் பார்ப்பான். தண்ணீர் எங்கே நிற்கிறதோ அங்கே அடைப்பு. இங்கும் அதே முறைதான்.

முதல் மடை, பாதை. ஒவ்வொரு கம்ப்யூட்டருக்கும் நெட்வொர்க்கில் ஒரு முகவரி எண் உண்டு. விண்டோஸிலிருந்து சர்வரின் எண்ணுக்கு 'பிங்' என்ற கட்டளையை அனுப்பு. பதில் வந்தால் பாதை சரி. வராவிட்டால் முதலில் கம்பியைப் பார், சுவிட்ச் பெட்டியைப் பார், சர்வரின் எண் மாறிவிட்டதா என்று பார்.

இரண்டாவது மடை, பெயர். 'நெட்வொர்க்' படத்தைத் திறந்து சர்வரின் பெயர் தெரியவில்லை என்றதும் பலர் கையை விரித்துவிடுகிறார்கள். பெயர் தெரியாவிட்டால் ஆள் இல்லை என்று அர்த்தமா? விலாசப் பட்டியில் இரண்டு பின்சாய்வுக் கோடுகளைப் போட்டு, சர்வரின் எண்ணை எழுதித் தட்டு. அலமாரி திறந்துகொண்டால் பழுது பெயர்ப் பலகையில்தான். பெயரை அறிவிக்கும் பழைய முறையைப் புதிய விண்டோஸ் கைவிட்டுவிட்டது. புதிய முறையில் அறிவிக்க லினக்ஸில் டபிள்யூ.எஸ்.டி.டி. என்ற சிறு மென்பொருளைப் போட்டால் பெயரும் தெரியும்.

மூன்றாவது மடை, கதவு. சர்வரில் சாம்பா ஓடுகிறதா? 'டெஸ்ட்பார்ம்' என்ற கட்டளை கொடுத்தால் அமைப்புக் கோப்பில் உள்ள எழுத்துப் பிழையைச் சுட்டிக்காட்டும். சாம்பா ஓடியும் பதில் இல்லையென்றால், ஃபயர்வால் என்ற காவல் சுவரில் 445-ஆம் எண் வாசல் திறந்திருக்கிறதா என்று பார்.

நான்காவது மடை, ஆள் அடையாளம். லினக்ஸில் நுழையும் கடவுச்சொல் வேறு, சாம்பாவின் கடவுச்சொல் வேறு. இரண்டும் இரண்டு ரிஜிஸ்தர்கள். ஒன்றில் பெயர் இருந்து மற்றதில் இல்லாவிட்டால் வாசலிலேயே நிறுத்திவிடும். 'எஸ்.எம்.பி. பாஸ்வேர்ட்' என்ற கட்டளையால் இரண்டாவது ரிஜிஸ்தரிலும் பெயரை ஏற்ற வேண்டும். கடவுச்சொல்லை மாற்றியிருந்தால், விண்டோஸ் பழையதையே மனத்தில் வைத்துக்கொண்டு திரும்பத் திரும்பச் சொல்லும். அதன் 'கிரெடென்ஷியல் மேனேஜர்' பகுதியில் போய்ப் பழையதை அழித்துவிடு.

ஐந்தாவது மடை, உரிமை. திறக்கிறது, படிக்கிறது, ஆனால் எழுத முடியவில்லையா? சாம்பாவின் அமைப்பிலும் எழுத உரிமை வேண்டும். லினக்ஸின் அந்தக் கோப்பகத்திலும் எழுத உரிமை வேண்டும். ஒன்று அடைத்திருந்தாலும் போதும், வேலை நடக்காது. ரெட் ஹேட், ஃபெடோரா வகை லினக்ஸில் எஸ்.இ.லினக்ஸ் என்ற இன்னொரு காவலாளியும் நிற்பான். அவனை வேலையை விட்டு நீக்காதே. பகிரும் கோப்பகத்துக்கு உரிய அடையாளச் சீட்டை ஒட்டிவிடு, வழி விடுவான்.

ஐந்தே மடை! இதற்கா எல்லாவற்றையும் தூக்கி எறியச் சொல்கிறார் அந்த வியாபாரி?

விஷம் கலந்த யோசனை

விற்பனை நடக்காது என்று தெரிந்ததும் சிலர் வேறு யோசனை சொல்வார்கள்: "பழைய எஸ்.எம்.பி. 1-ஐத் திரும்பப் போட்டுவிடுங்கள், ஃபயர்வாலை அணைத்துவிடுங்கள், எல்லோருக்கும் எல்லா உரிமையும் கொடுத்துவிடுங்கள், ஓடும்." ஓடும்தான். கதவைக் கழற்றிப் போட்டால் பூட்டு ரிப்பேர் தேவையில்லை!

2017 மே மாதம் நடந்ததை மறக்கலாமா? வானாக்ரை என்ற நாசக் கிருமி 150 நாடுகளில் 2 லட்சத்துக்கு மேற்பட்ட கம்ப்யூட்டர்களைப் பிடித்து, கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. பிரிட்டிஷ் அரசாங்க ஆஸ்பத்திரிகளில் சிகிச்சைகள் தள்ளிப் போயின. ரெனோ மோட்டார்த் தொழிற்சாலைகளில் உற்பத்தி நின்றது. அது நுழைந்த வழி எது? எஸ்.எம்.பி. 1-ன் ஓட்டை. அந்த ஓட்டையில் நுழையும் ஆயுதத்தைச் செய்தது யார்? அமெரிக்க சர்க்காரின் உளவு ஸ்தாபனமான என்.எஸ்.ஏ. உலக ஜனங்களை எச்சரிக்காமல் தன் ஆயுதச் சாலையில் அதை ஒளித்து வைத்திருந்தது. அங்கிருந்து திருட்டுப் போய்த்தான் அது கிருமியாயிற்று. ஏகாதிபத்தியத்தின் லட்சணம் இது.

அதே மாதத்தில் சாம்பாவிலும் ஓர் ஆபத்தான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. உடனே வெளிப்படையாக அறிவித்து அடைத்தார்கள். நம் சர்வரிலும் அவ்வப்போது புதுப்பித்தாக வேண்டும் என்பதே இதன் பாடம்.

2017 அக்டோபரில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து எஸ்.எம்.பி. 1 தானாகப் பொருத்தப்படுவதில்லை. 2019-ல் வந்த சாம்பா 4.11-லும் அது இயல்பாகவே அணைக்கப்பட்டது. 2024-ல் வந்த விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்பு, புரோ வகையில், பெயரில்லாத விருந்தாளியாக அலமாரிக்குள் நுழைவதை மறுக்கிறது. பல காரியாலயங்களில் திடீரென்று தொடர்பு அறுந்ததற்கு இவைதாம் காரணம். இந்த மாற்றங்கள் நியாயமானவை. நாம் செய்ய வேண்டியது பின்னால் போவதல்ல. சாம்பாவைப் புதிதாக்குவதும், ஒவ்வொரு தோழருக்கும் தனிப் பெயரும் கடவுச்சொல்லும் கொடுப்பதும்தான். நம் அலமாரியில் இருப்பது சினிமாப் படம் அல்ல. யார் யார் சங்கத்தில் சேர்ந்திருக்கிறார்கள், யார் சாட்சி சொல்லப் போகிறார்கள் என்ற ஜாபிதா இருக்கிறது. அது நிர்வாகத்தின் கையில் சிக்கினால் எத்தனை பேர் வேலை போகும்!

கணக்கு நம் கையில் இருக்கட்டும்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் தன் வழக்கமான ஆதரவை நிறுத்திவிட்டது. விண்டோஸ் 11-ஐ ஏற்காத பழைய கம்ப்யூட்டர்கள் குப்பை என்கிறார்கள். நாற்பது வருஷம் உழைத்த தொழிலாளியைக் கேட்டுக்கு வெளியே தள்ளும் அதே கணக்கு! அந்தப் பழைய இயந்திரத்தில் லினக்ஸையும் சாம்பாவையும் போட்டால், ஒரு சங்கத்தின் கணக்கை இன்னும் பல வருஷம் அது சுமக்கும்.

தோழர்களே! ஒவ்வொரு சங்கக் காரியாலயத்திலும் இளம் தோழர்கள் இரண்டு பேராவது இந்த ஐந்து மடையையும் கற்றுக்கொள்ள வேண்டும். சர்வரின் எண்ணையும் அமைப்பையும் ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். கோப்புகளை வாரம் ஒரு முறை தனி டிஸ்கில் நகல் எடுத்து, அந்த டிஸ்கைக் கழற்றி வேறிடத்தில் வையுங்கள். அறுந்த இழையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பிணைக்கும் கைகளுக்கு இது முடியாத காரியமா?

அடுத்த தடவை வியாபாரி விலைப்பட்டியலை நீட்டும்போது, "எந்த மடையில் அடைப்பு என்று முதலில் சொல்லுங்கள், ஐயா" என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் அவர் போகட்டும். மண்வெட்டியை நாமே எடுப்போம்!