மகள் எழுதட்டும்

பெற்றோர்களே! பாடம் முடித்தபின் உங்கள் மகள் கதை எழுதுகிறாளா? வேண்டாத வேலை என்று திட்டாதீர்கள்.

அமெரிக்காவின் துல்சா நகரில் சூசன் ஹிண்டன் என்ற மாணவி 15 வயதில் ஒரு நாவலைத் தொடங்கினாள். வீட்டில் தந்தை நோயில் படுத்திருந்தார். பள்ளியில் எழுத்துப் பாடத்துக்குக் கிடைத்ததோ ‘டி’ மதிப்பெண்! ஆயினும் விடாமல் திருத்தித் திருத்தி எழுதினாள். 1967இல், 18 வயதில், நூல் வெளிவந்தது. அவள் எழுதியது தன் ஊர் இளைஞர்களின் கோஷ்டிச் சண்டையைத்தான்.

நம் கெடாவில், சுங்கைப்பட்டாணி சீ. முத்துசாமியும் தோட்டத்து மக்களையே எழுதினார். 2017இல் தமிழகத்தின் விஷ்ணுபுரம் விருது அவருக்குக் கிடைத்தது.

ஆகவே தங்கையே, கதைக்கு வேறு ஊர் தேடாதே. தாத்தா பால்மரம் சீவியதையும், பாட்டி விடியலில் பெரட்டுக்கு ஓடியதையும் கேட்டு எழுது. தினம் ஒரு பக்கம் போதும். அம்மா, அந்த ஒரு மணி நேரம் அவளை வேலைக்குக் கூப்பிடாதீர்கள்.