கரண்டை வீணாக்குவது விவசாயியா, கம்பியா?



"இலவசக் கரண்ட் இருக்கிற வரைக்கும் விவசாயி சிக்கனம் பார்க்க மாட்டான். மோட்டாரைப் போட்டுவிட்டுத் திண்ணையில் படுத்துத் தூங்குவான். தோட்டத்துக்குத் தோட்டம் மீட்டர் மாட்டினால்தான் நாட்டுக்கு மின்சாரம் மிஞ்சும்."

இப்படி ஒரு பேச்சு வெகுநாளாக ஓடிக்கொண்டிருக்கிறது. குளிர்சாதன அறையில் கூட்டம் போடுகிறவர்கள் பேசுகிறார்கள். டி.வி.யில் பேசுகிறார்கள். பட்டணத்துக்கு வேலைக்குப் போன நம்ம பிள்ளைகளே, பொங்கலுக்கு ஊருக்கு வந்து நம்மிடமே இதைச் சொல்கிறார்கள். இதற்குப் பதில் சொல்லத்தான் இந்தப் பிரசுரம்.

மின்சாரம் வீணாகக் கூடாது என்பதில் நமக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. நம்மை விட அது யாருக்குத் தெரியும்? 2012ல் கிராமங்களில் ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கரண்ட் இல்லாமல், காய்ந்த வாழைக்கும் கருகிய மஞ்சளுக்கும் நடுவில் நின்றவர்கள் நாம். நடுராத்திரி கரண்ட் வந்தால் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு, பாம்புக்கும் பூச்சிக்கும் பயந்து வாய்க்காலில் மடை திருப்பியவர்கள் நாம். மின்சாரத்தின் அருமையை நமக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். வீணாவது எங்கே? வீணாக்குவது யார்? அதைக் கணக்குப் பார்த்துச் சொல்லுங்கள்!

கப்பலில் வரும் கரண்ட்

நம்ம தோட்டத்து மோட்டார் சுற்றுவதற்கு எங்கிருந்து கரண்ட் வருகிறது? காற்றாலை இருக்கிறது, நெய்வேலி இருக்கிறது, கூடங்குளம் இருக்கிறது, அணைகள் இருக்கின்றன. ஆனாலும் பெரும்பாரம் சுமப்பது நிலக்கரி. தமிழ்நாட்டில் நிலக்கரி கிடையாது. ஒரிசாவில் தால்சேரில் வெட்டி, ரயிலில் பாரதீப் துறைமுகம் கொண்டுவந்து, கப்பலில் ஏற்றி, எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் இறக்குகிறார்கள். அதுவும் போதாமல் வெளிநாட்டுக் கரி வாங்குகிறார்கள். 2021 அக்டோபரில் நாடு முழுக்க நிலக்கரித் தட்டுப்பாடு வந்தது. 2022 கோடையில் மறுபடியும் வந்தது. அப்போது மத்திய அரசே மாநிலங்களைப் பார்த்து, வெளிநாட்டுக் கரியை வாங்கிக் கலந்து எரியுங்கள் என்று சொன்னது. எங்கேயோ ஒரு நாட்டில் சண்டை வந்தால், கரி விலை ஏறினால், அதன் அடி கடைசியில் நம்ம ஸ்டார்ட்டர் பெட்டியில் விழுகிறது.

அதனால்தான் சொல்கிறோம். ஒரு யூனிட் மிச்சம் பிடிப்பது ஒரு யூனிட் தயாரிப்பதற்குச் சமம். இல்லை, அதைவிட மேல்! மிச்சம் பிடித்த யூனிட்டுக்குக் கப்பலும் வேண்டாம், ரயிலும் வேண்டாம், புகையும் கிடையாது. சரி, அதை எங்கே பிடிப்பது?

ஒரு யூனிட்டுக்கு எத்தனை லிட்டர்?

100 அடி ஆழத்திலிருந்து தண்ணீர் தூக்குகிறோம் என்று வையுங்கள். ஒரு யூனிட் மின்சாரத்தில் இருக்கிற சக்தி முழுவதும் தண்ணீர் தூக்கவே பயன்பட்டால் சுமார் 12,000 லிட்டர் வர வேண்டும். இது பள்ளிக்கூடத்துப் பௌதிகக் கணக்கு, யார் போட்டாலும் இதுதான் வரும். முழுவதும் கிடைக்காது, எந்த எந்திரத்திலும் கொஞ்சம் போகும். நல்ல மோட்டாரும் நல்ல பம்பும் சரியான குழாயும் சரியான வோல்டேஜும் இருந்தால் பாதியாவது கிடைக்கும், அதாவது 6,000 லிட்டர். பழைய மோட்டார், இரண்டு தடவை காயில் கட்டியது, பம்பு தேய்ந்தது, வோல்டேஜ் குறைவு என்றால் கால் பங்குதான், 3,000 லிட்டர். மிச்சம் 9,000 லிட்டர் தூக்க வேண்டிய சக்தி சூடாகவும் சத்தமாகவும் போய்விடுகிறது.

அதே காடு, அதே கிணறு, அதே பயிர். ஒருவன் ஒரு யூனிட்டில் செய்கிற வேலைக்கு இன்னொருவன் இரண்டு யூனிட் செலவழிக்கிறான். அந்த இரண்டாவது ஆள் திண்ணையில் தூங்கவில்லை ஐயா! தண்ணி வரவில்லையே என்று மோட்டார் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறான்.

என் தோட்டத்துக் கதை

என்னுடையது 5 எச்.பி. மோட்டார். டிரான்ஸ்பார்மரிலிருந்து என் கிணற்றுக்குக் கம்பி வரும் தூரம் ஒரு கிலோமீட்டருக்கு மேல். 415 வோல்ட் வர வேண்டிய இடத்தில் ஒரு நாள் பகலில் மீட்டர் வைத்துப் பார்த்தேன். 320! இரண்டு வருஷத்தில் மூன்று தடவை காயில் எரிந்தது. மூன்றாவது தடவை சின்ன வெங்காயம் காய் பிடிக்கிற நேரம். காயில் கட்டி வர நாலு நாள். வெங்காயம் நெல்லிக்காய் அளவில் நின்றுபோனது. மனு கொடுத்தேன். "உங்க லைன்ல லோடு ஜாஸ்தி, எஸ்டிமேட் போடணும்" என்றார்கள். எஸ்டிமேட் இன்னும் போட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

வோல்டேஜ் குறைந்தால் என்ன ஆகிறது? மோட்டார் அதே வேலையைச் செய்ய அதிக ஆம்பியரை இழுக்கிறது. ஆம்பியர் இரண்டு மடங்கானால் கம்பியில் சூடாகப் போகும் மின்சாரம் நாலு மடங்கு. மூன்று மடங்கானால் ஒன்பது மடங்கு! கம்பி நீளம் கூடக் கூட நஷ்டம் இன்னும் கூடும். ஆக, கரண்ட் என் கிணற்றுக்கு வருவதற்கு முன்பே வழியில் கம்பி தின்கிறது. மீதி வந்ததைச் சூடான காயில் தின்கிறது. எனக்கு வருவது மோட்டார் கடைக்காரரின் பில்லு மட்டும்.

இதற்கு மருந்து இல்லையா? இருக்கிறது. தாழ்வழுத்தக் கம்பியைக் கிலோமீட்டர் கணக்கில் இழுக்காமல், 11,000 வோல்ட் லைனையே தோட்டங்கள் வரை கொண்டுவந்து, நாலைந்து கிணற்றுக்கு ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் வைப்பது. அதே மின்சாரத்தை 11,000 வோல்ட்டில் அனுப்பினால் கம்பியில் ஓடும் ஆம்பியர் 26ல் ஒரு பங்குதான். ஆந்திராவில் 2000களிலேயே விவசாய மோட்டார்களுக்கு இதைச் செய்தார்கள். குஜராத்தில் 2003ல் ஆரம்பித்து வீட்டு லைனையும் விவசாய லைனையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். 2021ல் மத்திய அரசு கொண்டுவந்த மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்திலும் லைன் பிரிப்புக்கு இடம் இருக்கிறது. நம்ம ஊருக்கு எப்போது? அதைச் சொல்ல ஆள் இல்லை. மீட்டர் மாட்டச் சொல்ல மட்டும் ஆயிரம் பேர்!

பல்புக்கு ஒரு நீதி, பம்புக்கு ஒரு நீதியா?

2001ல் எரிசக்தி சேமிப்புச் சட்டம் போட்டார்கள். 2002ல் அதற்கென்று டெல்லியில் தனி அமைப்பே வைத்தார்கள். பிரிட்ஜுக்கும் ஏ.சி.க்கும் நட்சத்திரம் ஒட்டினார்கள். நல்ல காரியம்தான். எல்.இ.டி. பல்பைப் பாருங்கள். 2014ல் அரசு நிறுவனம் ஒரு பல்பை 310 ரூபாய்க்கு வாங்கியது. கோடிக்கணக்கில் மொத்தமாக டெண்டர் விட்டதால் 2016ல் அதே பல்பு 38 ரூபாய்க்கு வந்தது. நாடு முழுக்க 36 கோடி பல்புகளுக்கு மேல் கொடுத்தார்கள். பில் கட்டுகிறவனைத் திட்டிச் சிக்கனம் வரவில்லை. நல்ல சாமானை மலிவாகக் கையில் கொடுத்ததால் வந்தது!

அதையே பம்புசெட்டுக்கு ஏன் செய்யவில்லை? மானியம் இருக்கிறது என்பார்கள். வேளாண் பொறியியல் துறையில் மோட்டார் மாற்ற மானியம் இருப்பது உண்மைதான். ஆனால் முதலில் முழுப் பணத்தையும் புரட்டி, பேப்பர் கொடுத்து, பட்டா சிட்டா அடங்கல் கொடுத்து, முறை வரும்வரை காத்திருக்க இரண்டு ஏக்கர்க்காரனால் முடியுமா? ஒரு தாலுகாவுக்கு எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று கேட்டுப் பாருங்கள்.

ஒரு கணக்கு போடுவோம். தமிழ்நாட்டில் விவசாய மின் இணைப்பு சுமார் 23 லட்சம். 5 எச்.பி. மோட்டார் ஆறு மணி நேரம் ஓடினால் 24 யூனிட்டுக்குக் குறையாமல் ஆகும். அதில் மூன்றே மூன்று யூனிட் மிச்சமானால் போதும். 23 லட்சம் இணைப்புக்கு நாளொன்றுக்கு 69 லட்சம் யூனிட்! ஒரு யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரி என்று பார்த்தால், மோட்டார் ஓடுகிற ஒவ்வொரு நாளும் ஒரு கூட்ஸ் ரயில் நிறையக் கரிக்கு மேல் மிச்சம். விவசாயியிடம் ஒரு பைசா வசூலிக்காமலே இது ஆகும்.

மீட்டர் எதற்கு?

அப்புறம் ஏன் மீட்டர், மீட்டர் என்று குதிக்கிறார்கள்? 2020ல் மின்சாரத் திருத்த மசோதாவை வெளியிட்டார்கள். மானியம் இல்லாத முழுக் கட்டணத்தை முதலில் கட்டு, மானியத்தைப் பிறகு உன் கணக்கில் போடுகிறோம் என்பது அதன் சாரம். டெல்லி எல்லையில் ஒரு வருஷம் உட்கார்ந்த விவசாயிகளின் கோரிக்கைகளில் இந்த மசோதாவைக் கைவிடச் சொன்னதும் ஒன்று. ஆனாலும் 2022 ஆகஸ்டில் வேறொரு திருத்த மசோதாவை நாடாளுமன்றத்தில் வைத்தார்கள். எதிர்ப்பு வந்ததும் நிலைக்குழுவுக்குப் போனது. போனது திரும்பி வராது என்று நம்பி நாம் தூங்க முடியாது.

வங்கியில் போடுகிறோம் என்ற வாக்குறுதி எப்படி இருக்கும் என்று தாய்மார்களைக் கேளுங்கள். கேஸ் மானியம் அப்படித்தான் ஆரம்பித்தது. 2020 நடுவிலிருந்து பெரும்பாலான வீடுகளுக்கு அது நின்றுபோனது. பிறகு உஜ்வலா இணைப்புக்கு மட்டும் கொடுத்தார்கள்.

கணக்கு வேண்டும் என்றால் வையுங்கள் மீட்டரை, டிரான்ஸ்பார்மரில் வையுங்கள்! சப்ஸ்டேஷனிலிருந்து எவ்வளவு புறப்பட்டது, டிரான்ஸ்பார்மருக்கு எவ்வளவு வந்தது, வழியில் எவ்வளவு போனது என்று ஊர் ஊராக எழுதிப் போடுங்கள். இன்றைக்கு விவசாயத்துக்கு இவ்வளவு போனது என்று சொல்வதெல்லாம் பெரும்பாலும் மதிப்பீடு. கம்பியில் தொலைந்ததில் எவ்வளவு விவசாயி தலையில் எழுதப்படுகிறது என்பது அப்போது தெரியும்.

இந்த இலவச மின்சாரம் யாரும் தட்டில் வைத்துக் கொடுத்ததில்லை. யூனிட்டுக்கு ஒன்றிரண்டு பைசா ஏற்றியதற்கு எதிராக 1970ல் பெருமாநல்லூரில் துப்பாக்கிச் சூட்டில் விவசாயிகள் உயிர் கொடுத்தார்கள். 1972ல் ஐயா நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகள் கோவை நகரத்தை நிறைத்தன. அதில் ஒரு வண்டி எங்க அப்பாவினுடையது. அதன் பலனாக 1984ல் சிறு விவசாயிகளுக்கும், 1990ல் எல்லா விவசாயிகளுக்கும் இலவசம் வந்தது. 2003ல் பறித்தார்கள். 2004 தேர்தலில் மக்கள் பதில் சொன்னதும் திருப்பிக் கொடுத்தார்கள்.

நம் பக்கமும் கொஞ்சம் பார்ப்போம்

ஊரைக் கேள்வி கேட்கிறவன் தன் வீட்டையும் பார்க்க வேண்டும். 5 எச்.பி.க்கு அனுமதி வாங்கிவிட்டு ஏழரை ஓட்டுகிறோமா இல்லையா? தண்ணி ஆழத்துக்குப் போனதால் ஓட்டுகிறோம், வாஸ்தவம். ஆனால் டிரான்ஸ்பார்மருக்கு அது தெரியாது, எரிந்துவிடும். எல்லோரும் ஆட்டோ ஸ்டார்ட்டர் போட்டிருக்கிறோம். கரண்ட் வந்த நொடியில் முப்பது மோட்டாரும் ஒன்றாகக் கிளம்புகிறது. வோல்டேஜ் படுத்துவிடுகிறது. ஒரு லைனில் இருக்கிறவர்கள் உட்கார்ந்து பேசி முறை வைத்துக்கொண்டால் பாதிக் காயில் எரியாது.

காசு சேமிக்கிறோம் என்று மூன்று இஞ்ச் குழாய் போட வேண்டிய இடத்தில் இரண்டரை போடுகிறோம். அதே தண்ணி போக உராய்வு இரண்டு மடங்குக்கு மேல் ஆகிறது. தேவையில்லாத பெண்டு, அடைத்த புட்வால்வு, கழற்றிப் போட்ட கெப்பாசிட்டர், எல்லாமே கரண்ட் தின்னி. ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்கி இவற்றைச் சரி பாருங்கள்.

இன்னொன்று. மோட்டார் திறன் கூடிவிட்டது என்று கூடுதல் நேரம் தண்ணி இறைத்தால், மிச்சமான கரண்ட்டும் போகும், நிலத்தடி நீரும் போகும். ஆயிரம் அடி போர் போட்டும் புகைதான் வருகிறது என்ற நிலை நம்ம வட்டாரத்தில் பலர் பார்த்தது. சொட்டுநீருக்குச் சிறு, குறு விவசாயிகளுக்கு நூறு சதவீத மானியம் இருக்கிறது. விடாமல் கேட்டு வாங்குங்கள்.

நமது கோரிக்கைகள்

1. விவசாய இலவச மின்சாரத்தில் கை வைக்காதே! தோட்டத்தில் மீட்டர் மாட்டாதே!

2. டிரான்ஸ்பார்மருக்கும் மின்பாதைக்கும் மீட்டர் வை. இழப்புக் கணக்கை ஊராட்சி வாரியாக வெளியிடு!

3. நீண்ட தாழ்வழுத்த லைன்களை மாற்று. தோட்டங்களுக்கு அருகே சிறு டிரான்ஸ்பார்மர் அமை!

4. பல்பைப் போலப் பம்புசெட்டையும் அரசே மொத்தமாக வாங்கி, தரமான நட்சத்திர மோட்டாரைச் சிறு, குறு விவசாயிகளுக்கு இலவசமாகக் கொடு!

5. குறைந்த வோல்டேஜால் எரிந்த மோட்டாருக்கு மின்வாரியம் நஷ்டஈடு கொடு!

6. மும்முனை மின்சாரம் 24 மணி நேரம் என்று 2021ல் அறிவித்தார்கள். முதலில் பகல் நேரத்தில் முழு வோல்டேஜில் தடையில்லாமல் கொடு!

விவசாயப் பெருமக்களே! வருகிற விவசாயிகள் குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் அலுவலகத்துக்கு ஊருக்குப் பத்துப் பேர் வாருங்கள். மனு எழுதத் தெரியவில்லையே என்று நினைக்க வேண்டாம். அவரவர் தோட்டத்தில் எரிந்த மோட்டார் காயிலை ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். அதில் உங்கள் ஊர், டிரான்ஸ்பார்மர் பெயர், எரிந்த தேதி எழுதிக் கட்டுங்கள். அதுதான் மனு! கருகிய செப்புக் கம்பியை மேசை மேல் கொட்டி, "இதோ வீணான மின்சாரம், வீணாக்கியது யார்?" என்று கேட்போம்.

என்னுடைய மூன்று காயிலும் தயாராக இருக்கிறது.

அணிதிரண்டு வாரீர்! வென்று திரும்புவோம்!

இவண்,
செயலாளர்,
விவசாயிகள் சங்கம்