தலைவலிதானே என்று தள்ளாதீர்!

மாத்தளை மாவட்டத்துப் பெற்றோரே, வைத்தியப் பெருமக்களே! காலையில் கண்விழித்ததும் தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுக்கும் பிள்ளையை எத்தனை நாள் பார்த்துக்கொண்டிருப்பீர்கள்?

முதல் வாரம் பித்தம் என்போம். இரண்டாம் வாரம் பூச்சிமருந்து கொடுப்போம். மூன்றாம் வாரம் கண்ணேறு கழிப்போம். நான்காம் வாரம், பள்ளிக்குப் போகாதிருக்கச் சொல்லும் சாக்கு என்று அதட்டுவோம். இத்தனைக்குள் அப்பிள்ளையின் மூளையில் கட்டியொன்று வளர்ந்துகொண்டிருக்கக்கூடும்!

தலைவலிகளுட் பெரும்பாலானவை மூளைக்கட்டியால் வருவன அல்ல. வீண் பீதி கிளப்புவது எமது நோக்கமன்று. ஆயினும் அடையாளங்கள் உண்டு. இரண்டு வாரத்துக்கு மேல் நீடிக்கும் வாந்தி, நான்கு வாரத்துக்கு மேல் தொடரும் தலைவலி, தள்ளாடும் நடை, இரட்டையாகத் தெரியும் பார்வை, புதிதாக வந்த மாறுகண், ஒருபுறம் சாய்ந்தே நிற்கும் தலை, காய்ச்சலின்றி வரும் வலிப்பு, மாறிப்போன குணம். கைக்குழந்தைக்கோ அளவு மீறிப் பெருக்கும் தலை. இவற்றுள் ஒன்று கண்டாலும் டாக்டரிடம் காட்டுக. இரண்டு சேர்ந்தால் ஒரு நாளும் பொறுக்கலாகாது. கட்டி மூளைநீரின் வழியை அடைக்கிறது. படுத்திருக்கும் வேளையில் மண்டைக்குள் அழுத்தம் ஏறுகிறது. காலை வாந்தியின் இரகசியம் இதுவே. அழுத்தம் நீடித்தால் கண்பார்வையும் பறிபோகும்.

பிரித்தானியாவில் 2006ஆம் ஆண்டளவில், இந்நோய் கண்ட பிள்ளைகளுட் பாதிப்பேருக்கு அதைக் கண்டறிய 14 வாரங்களுக்கு மேல் சென்றது. 2011இல் 'ஹெட்ஸ்மார்ட்' என்னும் இயக்கம் அடையாளங்களைச் சிறு அட்டையில் அச்சிட்டுப் பெற்றோருக்கும் டாக்டர்களுக்கும் வழங்கியது. 2013இல் பாதிப்பேருக்கு 7 வாரத்துக்குள் நோய் புலப்பட்டது. ஓர் அட்டை அச்சிட எந்தக் கஜானா காலியாகும்?

இங்கு நிலை என்ன? இரத்தோட்டையிலோ எல்கடுவையிலோ ஒரு தாய், ஒரு நாட் சம்பளத்தை இழந்து, பிள்ளையைத் தோளிற் சுமந்து பஸ்ஸேறி வருகிறாள். அவள் சொல்வது தமிழ். கேட்பவருக்குத் தமிழ் தெரியாவிட்டால், 'தலைவலி' என்ற ஒரு சொல்லே துண்டில் ஏறும். காலைதோறும் வாந்தி என்பதும், மூன்று வாரமாக நடை தள்ளாடுகிறது என்பதும் ஏறா. இந்நோயைக் கண்டுபிடிக்கும் முதற் கருவி தாயின் வாய்மொழி அன்றோ? 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. அரசியலமைப்பில் ஏறிய மொழி நோயாளியின் துண்டில் ஏறாதா?

கண்டித் தேசிய வைத்தியசாலையில் மூளை அறுவைச் சிகிச்சை உண்டு. மகரகம அபேக்ஷா வைத்தியசாலையிற் பிள்ளைகளின் புற்றுநோய்க்குச் சிகிச்சை உண்டு. இரண்டும் இலவசம். ஆனால், அங்கே அனுப்பப்படாத பிள்ளைக்கு அவற்றால் ஆவதென்ன?

ஆகவே கேட்கிறோம். ஒவ்வொரு தோட்ட மருந்தகத்திலும் பாடசாலையிலும் இவ்வடையாளங்கள் தமிழிலும் சிங்களத்திலும் தொங்கட்டும். ஒரே முறைப்பாட்டுடன் மீண்டும் வரும் பிள்ளையை நடக்கவிட்டுப் பாருங்கள்; கருவிகொண்டு கண்ணின் உட்புறத்தைப் பாருங்கள்; ஐயமெனில் அன்றே ஸ்கேனுக்கு அனுப்புங்கள். தமிழறிந்த ஒருவரை அருகில் வையுங்கள். பெற்றோரே, வாந்தியெடுத்த நாட்களை எழுதிவைத்துக் காட்டுங்கள்.

கட்டிக்கு இனமில்லை, மொழியில்லை. தாமதத்துக்கு மட்டும் ஏன் இருக்கவேண்டும்?