காக்க வந்ததே காயப்படுத்தினால்...



அண்மையில் எமது பெண்கள் குழுக் கூட்டத்தில் நிர்ப்பீடனம், அதாவது உடலின் நோயெதிர்ப்புச் சக்தி பற்றிக் கதைத்துக்கொண்டிருந்தோம். "கிருமி வந்தால் உடம்பு சண்டை பிடித்து அதைத் துரத்திவிடும்" என்று நான் சொன்னேன். பின்வரிசையில் இருந்த ஓர் அக்கா கேட்டார்: "பிள்ளை, அந்தச் சண்டை முடியாட்டி என்ன நடக்கும்?"

அன்று சுருக்கமாகவே பதில் சொன்னேன். அவருக்காகவும் உங்களுக்காகவும் இம்மாதம் சற்று விரிவாக எழுதுகிறேன்.

தடிமன் வைரசு சில நாட்களில் போய்விடும். ஆனால் சில வைரசுகள் உடலுக்குள் நுழைந்தால் ஆயுள் முழுவதும் தங்கிவிடும். அவற்றில் ஒன்றுதான் எச்.ரி.எல்.வி-1. இது 1980 இல் அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. எயிட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி.க்குத் தூரத்து உறவு என்றாலும், இது எயிட்ஸை உண்டாக்குவதில்லை. யப்பானின் தென்மேற்குப் பகுதி, கரிபியன் தீவுகள், மத்திய ஆபிரிக்கா, தென் அமெரிக்கா, மத்திய அவுஸ்திரேலியா ஆகிய இடங்களில் இது கூடுதலாகக் காணப்படுகிறது. தாய்ப்பால், பாலுறவு, குருதி ஆகியவற்றின் மூலம் பரவுகிறது.

இந்த வைரசு உள்ளவர்களில் பெரும்பாலானோர் எந்த வருத்தமும் இன்றியே வாழ்ந்து முடிக்கின்றனர். நூறு பேரில் ஏறக்குறைய நான்கு பேருக்கும் குறைவானோருக்கே முண்ணாண் பாதிக்கப்படுகிறது. இந்நோயாளரில் ஆண்களை விடப் பெண்களே அதிகம். முதலில் கால்கள் பாரமாகி விறைக்கும். நடக்கையில் தடுக்கும். நாரி நோகும். சிறுநீரை அடக்க முடியாமற் போகும். வருடங்கள் செல்ல, சிலருக்குச் சக்கர நாற்காலி தேவைப்படும்.

மார்ட்டினிக் தீவில் இத்தகைய நோயாளர்களின் குருதியில் இந்த வைரசுக்கு எதிரான பிறபொருளெதிரிகள் இருப்பதை 1985 இல் வைத்தியர்கள் கண்டனர். மறு வருடம் யப்பானின் ககோஷிமாவிலும் அதே நோய் இனங்காணப்பட்டது.

நரம்பை அழிப்பது வைரசு மட்டுமா? இங்கேதான் அந்த அக்காவின் கேள்விக்கு விடை இருக்கிறது. இந்த வைரசு முக்கியமாக ஒளிந்திருப்பது நரம்பிலல்ல. உடலைக் காக்கும் வெண்குருதிக் கலங்களுக்குள்ளேயே. அந்தக் கலங்களைத் தேடிக் கொல்ல வேறு வகை வெண்குருதிக் கலங்கள் புறப்படுகின்றன. வைரசு உண்டாக்கும் "ரக்ஸ்" என்ற புரதமே அவற்றுக்கு அடையாளம். ஒளிந்தவையும் தேடுபவையும் முண்ணாணுக்குள் புகுந்து மோதும்போது வெளியாகும் இரசாயனப் பொருட்கள் அங்கே அழற்சியை உண்டாக்குகின்றன. பக்கத்தில் இருந்த, எந்தத் தவறும் செய்யாத நரம்பு சேதமடைகிறது. நரம்புக் கலங்கள் இலகுவில் மீள வளர்வதில்லை.

அப்படியானால் நோயெதிர்ப்பு கூடாததா? அப்படிச் சொல்ல முடியாது. ககோஷிமாவில் நடந்த ஆய்வொன்று 1999 இல் வெளியானது. பரம்பரையாக வரும் ஒரு குறிப்பிட்ட கல அடையாளம் உள்ளவர்களுக்கு இந்நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்திருந்தது. வைரசு கொண்ட கலங்களை அவர்களது உடல் நன்றாக அடையாளம் கண்டு, ஆரம்பத்திலேயே குறைத்துவிடுகிறது என்பதே அதற்குத் தரப்படும் விளக்கம். நோயாளிகளின் உடலிலோ வைரசின் அளவும் அதிகம், எதிர்க்கும் கலங்களும் அதிகம். ஆக, எதிர்க்கும் கலங்கள் எத்தனை என்பதை விட, அவை எவ்வளவு திறமையாக வேலை செய்கின்றன என்பதே முக்கியம்.

இந்நோயை முற்றாகக் குணமாக்கும் மருந்து இல்லை. அழற்சியைக் குறைக்க ஸ்ரீரொயிட் மருந்துகள் கொடுக்கப்படுகின்றன. இயன்மருத்துவப் பயிற்சியும் சிறுநீர்ப் பிரச்சினைக்கான சிகிச்சையும் வாழ்வை இலகுவாக்குகின்றன. தடுப்பதற்கு வழி உண்டு. யப்பானில் 1986 இல் குருதிக் கொடையாளரைப் பரிசோதிக்கத் தொடங்கினர். நாகசாகியில் 1987 முதல் கர்ப்பிணிகளைப் பரிசோதித்து, வைரசு உள்ள தாய்மாருக்கு மாற்றுப்பால் பற்றி ஆலோசனை வழங்கினர். நீண்டகாலம் தாய்ப்பால் குடித்த பிள்ளைகளில் நூற்றுக்கு 20 பேரளவில் தொற்றிய வைரசு, மாற்றுப்பால் குடித்த பிள்ளைகளில் 3 பேருக்கும் குறைவாகியது. தன் பாலைக் கொடுக்க முடியாமற் போன ஒவ்வொரு தாயின் மனவேதனையும் அந்த எண்ணிக்கைக்குப் பின்னால் இருக்கிறது.

இதைப் படித்துவிட்டுத் தாய்ப்பாலை நிறுத்திவிடாதீர்கள். அந்த ஆலோசனை, பரிசோதனையில் வைரசு உறுதிசெய்யப்பட்ட தாய்மாருக்கு மட்டுமே. வைத்தியர் வேறு விதமாகச் சொல்லாதவரை தாய்ப்பாலே பிள்ளைக்குச் சிறந்தது.

இன்னுமொன்று. கால் விறைப்பும் சிறுநீர் அடக்க முடியாமையும் இந்த வைரசினால்தான் வரவேண்டும் என்றில்லை. முள்ளந்தண்டில் பட்ட பழைய காயம், உள்ளே தங்கிய செல் துண்டு, நீரிழிவு, விற்றமின் குறைபாடு ஆகியவையும் காரணமாகலாம். எங்களில் பலர் இதை வெளியில் சொல்ல வெட்கப்படுகிறோம். சொன்னாலும், "யோசனைதான் காரணம்" என்று வீட்டிலுள்ளவர்கள் தட்டிக்கழித்து விடுகிறார்கள். யோசனையால் கால் தடுக்கி விழுவதாக நீங்களே முடிவு கட்ட வேண்டாம். எப்போது தொடங்கியது, எந்தக் கால், எத்தனை தடவை விழுந்தீர்கள் என்று ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு கிளினிக்குக்குப் போங்கள். தனியே போகத் தயக்கமென்றால் குழுவில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

அந்த அக்காவும் இரண்டு வருடங்களாகக் கால் விறைப்பை யாரிடமும் சொல்லாமல் இருந்தவர்தான். கூட்டம் முடிந்த பிறகே என்னிடம் சொன்னார். வரும் செவ்வாய்க்கிழமை நாங்கள் இருவரும் கிளினிக்குக்குப் போகிறோம்.